கோணேசர் மலையின் கல்லும் மலைத்தொடர்களின் பிறப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் மலை, பாறை, தகடு என்று பேச்சு எழுந்தால் ஏறத்தாழ ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. உயர்தரப் புவியியல் மாணவர்களும் கேட்கிறார்கள், கோயிலுக்கு வந்து போகிறவர்களும் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, கீழே விடை தந்திருக்கிறோம். முதலிலிருந்து வாசித்தால் நல்லது. பின்னால் வரும் விடைகள் முன்னால் சொன்னவற்றை நம்பியே நிற்கின்றன.

கோணேசர் மலை பழைய எரிமலையோ?

இல்லை. எரிமலைக் குழம்பு வெளியே வந்து சட்டென்று ஆறினால் அதில் படிகம் வளர நேரம் கிடைக்காது. கண்ணுக்குத் தெரியாத மணிகளோடும், வாயு வெளியேறிய சிறு துளைகளோடும் கறுத்த கல் உண்டாகும். கோணேசர் மலையிலும் துறைமுகத்தைச் சுற்றிய குன்றுகளிலும் அப்படிப்பட்ட கல் கிடையாது. அங்கே இருப்பவை குவார்ட்சைட், கறுப்பு வெள்ளை வரியுள்ள நைஸ், மிகச் சூடான ஆழத்தில் உண்டான சார்னோக்கைட் போன்ற உருமாறிய பாறைகள். குவார்ட்சைட் ஒரு காலத்தில் மணலாக இருந்தது. மணல் இறுகி மணற்கல்லாகி, பின் பூமியின் ஆழத்தில் வெந்து, மணிகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்ட கல்லாயிற்று.

அந்த மணல் எப்படி ஆழத்துக்குப் போனது, எப்படித் திரும்பி வந்தது என்பதுதான் இந்தப் பக்கம் முழுவதற்குமான கேள்வி. சுருக்கமாகச் சொன்னால், நாம் கோயிலுக்கு ஏறிப் போகும் கல் ஒரு மலைத்தொடரின் அடிவேர். அந்த மலைத்தொடர் இப்போது இல்லை.

தகடு ரெண்டும் மோதினா மலை உடன எழும்புமா?

எழும்பாது. தகடு என்பது பூமியின் மேற்பகுதி பிரிந்திருக்கும் பெரிய, நகரும் பாறைத் துண்டு. மோதலுக்கு முன்பே நீண்ட வேலை நடக்கிறது. இரண்டு கண்டங்களுக்கு நடுவே ஒரு சமுத்திரம் இருக்கும். அதன் அடித்தளம் ஏதாவது ஒரு கண்டத்தின் விளிம்பில் கீழே அமிழத் தொடங்கும். வேகம் ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர், அதாவது நகம் வளரும் வேகம். அமிழும் தளத்தின் மேலிருந்த சேறும் மணலும் கண்டத்தின் விளிம்பில் வழிக்கப்பட்டு, மண்வெட்டியின் முன்னால் மண் குவிவதுபோல ஆப்பு வடிவில் குவியும். உள்நாட்டில் எரிமலை வரிசை ஒன்று எழும். இன்றைய அந்தீஸ் மலைத்தொடர் இந்தக் கட்டத்தில் நிற்கிறது. நாஸ்கா தகடு தென்னமெரிக்காவுக்குக் கீழே போய்க்கொண்டிருக்கிறது.

சமுத்திரம் முழுதாக மூடியதும் மறுகரைக் கண்டம் வந்து சேரும். கண்ட ஓடு, அதாவது கண்டத்தின் மேற்புறப் பாறைப் படை, இலேசானது என்பதால் அது எளிதில் அமிழாது. அப்போதுதான் உண்மையான நெரிசல் தொடங்குகிறது. ஓடு துண்டு துண்டாக உடைந்து, ஒரு துண்டின் மேல் இன்னொன்று ஏறும். உடையாத இடம் மடியும். ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தடிப்பான ஓடு இரண்டு மடங்காகும். இந்தியா ஆசியாவோடு முட்டத் தொடங்கியது சுமார் 5 கோடி ஆண்டுக்கு முன். இன்றும் அது நிற்கவில்லை. திபெத்தின் கீழே ஓட்டின் தடிப்பு சுமார் 70 கிலோமீற்றர்.

பிறகு ஒரு தாமதம் உண்டு. பரீட்சை விடைகளில் பலர் விட்டுவிடுவது இதைத்தான். தடித்த ஓடு உடனே சூடாவதில்லை. அதற்குள் இருக்கும் யுரேனியம், தோரியம், பொற்றாசியம் ஆகியவை சிதைந்து வெளிவிடும் வெப்பம் மெல்ல மெல்லச் சேரவேண்டும். கோடிக்கணக்கான ஆண்டுகள் கழித்தே அடிப்பகுதி 700, 800 பாகை செல்சியஸைத் தொடும். பகுதியாக உருகும். உருகியது மேலேறி ஆழத்திலேயே ஆறிக் கிரனைட் ஆகும்.

ரெண்டும் முட்டினா ஏன் ஒண்டு மட்டும் கீழ போகுது?

நிறைதான் காரணம். சமுத்திர ஓட்டின் அடர்த்தி ஒரு கன சென்ரிமீற்றருக்குச் சுமார் 3.0 கிராம், கண்ட ஓட்டினுடையது சுமார் 2.7 முதல் 2.8, இரண்டுக்கும் கீழுள்ள தடித்த பாறைப் படையான மூடகத்தினுடையது சுமார் 3.3. இங்கே ஒரு கேள்வி எழவேண்டும்: 3.0 உள்ளது 3.3 உள்ளதற்குள் எப்படி அமிழும்? தனி ஓடு மட்டும் என்றால் அமிழாதுதான். ஆனால் தகடு என்பது சுமார் 7 கிலோமீற்றர் ஓடும், அதன் அடியில் ஒட்டிக் குளிர்ந்த பல பத்துக் கிலோமீற்றர் மூடகமும் சேர்ந்தது. குளிர்ந்த மூடகம் சுற்றியுள்ள சூடான மூடகத்தைவிடக் கனமானது. தகடு வயது போகப் போகக் குளிர்ந்து கனக்கும், கடைசியில் தன் பாரத்தாலேயே இறங்கும். போதிய ஆழத்தில் அதன் ஓடும் எக்லோகைட் என்ற அடர்ந்த கல்லாக மாறி இன்னும் கீழே இழுக்கும்.

ஆகவே சமுத்திரத் தளத்தைக் கீழே தள்ளுவது கண்டம் என்று எழுதுவது பிழை. பெரும்பாலும் முன்னால் இறங்கிவிட்ட பகுதியே பின்னால் உள்ளதை இழுக்கிறது. கண்டம் வந்து சிக்கியதும், இழுத்துக்கொண்டிருந்த பகுதி அறுந்து மூடகத்துக்குள் விழுந்துவிடும். பாரம் போன கண்டம் அதன்பின் சற்று உயரும்.

அந்தீசில எரிமலை இருக்கு, இமயமலையில ஏன் இல்ல?

எரிமலைக்கு வேண்டியது அமிழும் தகட்டில் உள்ள நீர். கடலடியில் கிடந்த காலத்தில் கனிமங்களுக்குள் புகுந்த நீர், தகடு சுமார் 100 கிலோமீற்றர் ஆழத்தை அடையும்போது வெளியேறி மேலுள்ள மூடகத்துக்குள் ஏறும். நீர் சேர்ந்தால் மூடகப் பாறையின் உருகுநிலை குறையும், உருகியது மேலே வரும். தகடு உராய்ந்து உருகுகிறது என்ற பழைய விளக்கத்தை விட்டுவிடுங்கள். இறங்கும் தகடு குளிர்ந்தது, பெரும்பாலான இடங்களில் அது உருகுவதே இல்லை.

இமயமலையில் அமிழ்வதற்குச் சமுத்திரத் தளம் மிச்சமில்லை. முன்பு இருந்த காலத்தில் அங்கேயும் எரிமலைகள் இருந்தன. லடாக் பக்கத்துக் கிரனைட்டுகள் அந்த வரிசையின் அடிப்பகுதி. எவரெஸ்ட் உச்சியில் கடல்வாழ் உயிரிகளின் சுவடுகளோடு சுண்ணாம்புக்கல் இருப்பதும் மறைந்த கடலின் சாட்சியே.

மலைக்கு வேர் எண்டு சொல்றீங்கள். கல்லுக்கு எப்பிடி வேர் வரும்?

இறங்குதுறையில் நிற்கும் வள்ளத்தைப் பாருங்கள். பாரம் ஏற்ற ஏற்ற அது நீருக்குள் தாழும். ஓடும் அப்படித்தான், கனத்த மூடகத்தின் மேல் மிதக்கிறது. மேலே மலை உயர்ந்தால் கீழே அதைத் தாங்க வேர் இறங்கவேண்டும். ஒரு கணக்கு போட்டால் தெளிவாகும். ஓட்டின் அடர்த்தி 2.8, மூடகத்தினது 3.3. வித்தியாசம் 0.5. ஐந்து கிலோமீற்றர் உயர மலைக்கு வேண்டிய வேர் 5 × 2.8 ÷ 0.5, அதாவது 28 கிலோமீற்றர். சாதாரண ஓடு 35, மலை 5, வேர் 28, கூட்டினால் 68. மேலே சொன்ன திபெத்தின் 70 கிலோமீற்றருக்கு இது எவ்வளவு கிட்ட வருகிறது பாருங்கள்.

இப்போது அதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். மழையும் ஆறும் மலையிலிருந்து 1 கிலோமீற்றர் கல்லைக் கரைத்துக் கொண்டுபோனால் மலை 1 கிலோமீற்றர் குறையாது. பாரம் இறக்கிய வள்ளம்போல வேர் மேலெழும்பி 850 மீற்றரை ஈடுசெய்துவிடும். உயரத்தில் குறைவது 150 மீற்றர் மட்டுமே. ஆக, 5 கிலோமீற்றர் உயர மலையைத் தரைமட்டமாக்க 33 கிலோமீற்றர் கல்லை அரிக்கவேண்டும். அவ்வளவும் அரித்து முடிந்தபோது தரையில் கிடப்பது எது? ஒருகாலத்தில் முப்பது கிலோமீற்றர் ஆழத்தில் இருந்த கல். கோணேசர் மலையின் வரலாறு இந்த ஒரு கணக்குக்குள் அடங்கியிருக்கிறது. இதை ஒருதரம் கையால் போட்டுப் பார்த்தவர் மறக்கமாட்டார்.

முப்பது கிலோமீற்றர் ஆழத்தில இருந்த கல் எண்டு எப்பிடி நிச்சயமாச் சொல்லுவீங்கள்?

கல்லிலுள்ள கனிமங்களே அளவுகோல். ஒவ்வொரு கனிமக் கூட்டும் குறிப்பிட்ட வெப்பத்திலும் அழுத்தத்திலும் மட்டுமே நிலைத்திருக்கும். களிமண் வெந்த கல்லில் சிலிமனைட்டும் கார்னெட்டும் சேர்ந்து நின்றால் வெப்பம் மிக உயர்ந்திருந்தது. சார்னோக்கைட்டில் உள்ள ஓதோபைரொக்சீன் நீர் குறைந்த, மிகச் சூடான ஆழ ஓட்டில் வளர்வது. சாதாரண மைக்கா அங்கே உடைந்து, தன் நீரை விட்டு, பைரொக்சீனாக மாறிவிடும். அடுத்தடுத்து நிற்கும் இரு கனிமங்களுக்கு இடையே இரும்பும் மக்னீசியமும் எந்த விகிதத்தில் பங்கிடப்பட்டுள்ளன என்பதை நுண்கருவியால் அளந்தால் வெப்பநிலை இலக்கமாகவே வரும். இலங்கையின் உயர்நிலத் தொகுதிப் பாறைகளில் (திருகோணமலைக் கல்லும் இதில் சேரும்) 700 முதல் 900 பாகை வரையும், சில இடங்களில் அதற்கு மேலும் கிடைக்கிறது. 30 கிலோமீற்றர் ஆழத்தில் அழுத்தம் வளிமண்டலத்தைப்போல ஏறத்தாழ 8,000 மடங்கு. அந்த அளவும் இந்தக் கற்களில் தெரிகிறது.

மேலே வந்ததற்கும் அடையாளம் உண்டு. கருஞ்சிவப்புக் கார்னெட் மணியைச் சுற்றி, சில கற்களில் மெல்லிய வெளிர் வளையம் ஒன்று தெரியும். உற்றுப் பார்த்தால் அது பெல்ட்ஸ்பாரும் பைரொக்சீனும் விரல்விரலாகப் பின்னிய வளையம். அழுத்தம் குறைந்தபோது, கல் இன்னும் சூடாக இருக்கையிலேயே, கார்னெட் தன் ஓரத்திலிருந்து அழியத் தொடங்கியிருக்கிறது. ஆறிப்போனதால் வேலை பாதியில் நின்றுவிட்டது. அந்த வளையம்தான் மலை மேலெழும்பிய பதிவு.

வயசு எப்பிடிக் கணக்கெடுக்கிறது? ஆரும் பாத்தவையா?

சிர்க்கன் என்ற சிறு படிகம் பார்த்தது என்று சொல்லலாம். அது வளரும்போது யுரேனியத்தைத் தன்னுள் ஏற்கும், ஈயத்தை ஏற்காது. ஆகவே பின்னாளில் உள்ளே இருக்கும் ஈயம் யுரேனியம் சிதைந்து வந்ததே. யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு, யுரேனியம்-235 பாதியாகக் குறைய சுமார் 70 கோடி ஆண்டு. ஒரே படிகத்தில் இரண்டு கடிகாரம். இரண்டும் ஒரே வயதைச் சொன்னால் நம்பலாம். சொல்லாவிட்டால் படிகம் இடையில் ஈயத்தை இழந்திருக்கிறது.

சிர்க்கனை அறுத்து மினுக்கிப் பார்த்தால் மரத்தின் வளையம்போல் நடுக்கருவும் ஓரமும் தெரியும். உயர்நிலப் பாறைகளில் நடுக்கரு 200 கோடி ஆண்டைத் தாண்டுவதுண்டு. அது பழைய கண்டமொன்றிலிருந்து மணலாக வந்த காலத்துக்கு முந்திய வயது. ஓரம் 55 முதல் 61 கோடி ஆண்டு. அது மலை உருவாகி, அடிவேர் வெந்த காலம். கருவையும் ஓரத்தையும் சேர்த்து அரைத்து அளந்தால் இரண்டுமில்லாத ஒரு பொய் வயது வரும். அதனால்தான் இப்போது புள்ளி புள்ளியாக அளக்கிறார்கள். அந்தக் கருவிகளுக்கு அளவுத்தரமாக வைக்கப்பட்ட படிகங்களில் இலங்கையின் சிர்க்கனும் ஒன்று. கல்லாராய்ச்சியில் நம்மவர் பங்கும் பழையது. ஆனந்த குமாரசுவாமியைக் கலை வரலாற்றாசிரியராகவே பலர் அறிவார்கள். இந்தத் தீவின் கனிம அளவைக்கு முதல் பணிப்பாளராக இருந்து, 1904இல் தோரியனைட் என்ற புதுக் கனிமத்தை அடையாளம் கண்டவரும் அவரே.

எந்தக் கண்டமும் எந்தக் கண்டமும் மோதித்தான் எங்கட கல் வந்தது?

அப்போது கண்டங்கள் இன்றைய வடிவில் இல்லை. கிழக்கு ஆபிரிக்கா, மடகாஸ்கர், தென்னிந்தியா, இலங்கை, கிழக்கு அந்தாட்டிக்கா எல்லாம் அருகருகே வந்து ஒட்டி, கோண்டுவானா என்ற பெருங்கண்டம் உருவாயிற்று. ஒட்டிய தழும்பில் எழுந்த மலைத்தொடர் ஆபிரிக்காவின் கிழக்குப் பக்கம் வடக்குத் தெற்காக நீண்டு, மடகாஸ்கர், கேரளம், மதுரைப் பகுதி, இலங்கை வழியாக அந்தாட்டிக்காவுக்குள் நுழைந்தது. நீளத்தில் இமயமலையைவிடப் பெரியது.

இலங்கைக்குள் மூன்று பெரிய பாறைத் தொகுதிகள் உண்டு. வடமேற்கே வவுனியாப் பக்கம் வன்னித் தொகுதி, கிழக்கே மட்டக்களப்புப் பக்கம் விஜயன் தொகுதி, நடுவே தென்மேற்கிலிருந்து திருகோணமலைக் கடல்வரை உயர்நிலத் தொகுதி. உயர்நிலத் தொகுதி விஜயனின் மேல் தள்ளி ஏற்றப்பட்டிருக்கிறது. தெற்கே கதிர்காமத்திலும் புத்தலவிலும் விஜயன் பாறைகளுக்கு நடுவே தனித் திட்டாக உயர்நிலப் பாறை கிடப்பது இதற்குச் சான்று, இடையிலிருந்த பகுதி அரிந்து போயிற்று. எந்தப் பக்கச் சமுத்திரம் முதலில் மூடியது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒன்றுபடவில்லை. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல்லை இதில் சேர்க்கவேண்டாம். அது மயோசீன் காலத்துக் கடற்படிவு, இந்த மலையோடு ஒப்பிட்டால் நேற்றுப் பிறந்தது.

சார்னோக்கைட் சென்னையிலயும் இருக்காம். அதுவும் இதே மலையா?

பெயர் ஒன்று, வயது வேறு. கொல்கத்தாவிலுள்ள ஜொப் சார்னொக்கின் கல்லறைக் கல்லை வைத்துத்தான் அந்தப் பெயர் வந்தது. அதேவகைக் கல் சென்னைப் பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் நிறைய உண்டு. ஆனால் சென்னைச் சார்னோக்கைட் சுமார் 250 கோடி ஆண்டு பழையது, வேறொரு மலையாக்கத்தின் அடிவேர். கல்லின் பெயர் அது எப்படி வெந்தது என்பதை மட்டுமே சொல்லும். எப்போது என்பதை அறிய முன்விடையில் சொன்ன சிர்க்கன் வேண்டும்.

கோண்டுவானாவும் குமரிக்கண்டமும் ஒண்டுதானே?

இல்லை, இதைத் தெளிவாகப் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. கோண்டுவானா நடு இந்தியாவின் கோண்டு மக்கள் நாட்டுப் பெயரால் அமைந்த சொல். ஒஸ்திரிய நாட்டவரான எடுவர்ட் சூஸ் அதைப் பெருங்கண்டத்துக்கு வைத்தார். அந்தக் கண்டம் இங்கே பிளந்தது பன்னிரண்டு, பதின்மூன்று கோடி ஆண்டுக்கு முன். அப்போது மனிதர் இல்லை. குமரிக்கண்டத்தோடு சேர்த்துப் பேசப்படும் லெமூரியா என்பது 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் முன்வைத்த ஊகம். மடகாஸ்கரின் லெமூர் விலங்குகளுக்கும் இந்தியாவுக்கும் உள்ள தொடர்பை விளக்க ஒரு மூழ்கிய நிலத்தை எண்ணினார். தகடுகள் நகர்வது தெரிந்தபின் அது வேண்டாததாயிற்று. கண்ட ஓடு இலேசானது, பெருங்கண்டமாக அது கடலடிக்கு மூழ்காது என்பதை மேலே மிதப்புக் கணக்கிலேயே பார்த்தோம்.

கடல்கோள் பற்றிய பழந்தமிழ் நினைவு வேறு விடயம். சுமார் 20,000 ஆண்டுக்கு முன் உறைபனிக் காலத்தில் கடல்மட்டம் இன்றைக்குச் சுமார் 120 மீற்றர் கீழே இருந்தது. பாக்கு நீரிணை தரையாக இருந்தது. பின்னர் கரையோர நிலங்கள் உண்மையிலேயே நீருக்குள் போயின. அதைப் பேசலாம், ஆராயலாம். மலையின் கதையோடு கலக்கக்கூடாது.

கன்னியாவில வெந்நீர் வருதே, அப்ப கீழ நெருப்புத்தானே?

நெருப்பில்லை. மழைநீர் வெடிப்புகள் வழியாக ஆழம் போய், சூடாகித் திரும்பி வருகிறது. சாதாரணமாக ஒரு கிலோமீற்றர் ஆழத்துக்குச் சுமார் 25 பாகை வெப்பம் கூடும். 28 பாகையில் இறங்கும் நீர் 40 பாகையை எட்ட அரைக் கிலோமீற்றர் போனாலே போதும். வரும் வழியில் ஆறுவதையும் மேல்நீர் கலப்பதையும் சேர்த்தால் உண்மையான ஆழம் இன்னும் கூடும். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் ஒரே சூடாக இல்லாதது அந்தக் கலப்பால்தான்.

கவனிக்கவேண்டியது இடம். கன்னியா, மகாஓயா, தெற்கே மகாபெலஸ்ஸ ஆகிய வெந்நீர் ஊற்றுகள் எல்லாம் உயர்நிலமும் விஜயனும் சந்திக்கும் கோட்டை ஒட்டிய வரிசையில் வருகின்றன. 55 கோடி ஆண்டுக்கு முன் ஒரு தொகுதி மற்றதன்மேல் ஏறிய அந்த எல்லை இன்றும் நீருக்கு வழிவிடும் நலிந்த கோடாக இருக்கிறது. சேருவிலவில் செம்பும் மக்னடைட் என்ற இரும்புத் தாதுவும் சேர்ந்த தாதுப் படிவு இருப்பதும் அதே எல்லையில்தான்.

இராவணன் வெட்டு எப்பிடி வந்தது?

கோணேசர் மலையிலுள்ள இந்தப் பிளவு இராவணன் வாளால் வெட்டியது என்ற ஐதிகம் எல்லோருக்கும் தெரியும். கல் சொல்வது இது: பல கிலோமீற்றர் பாரத்தின் கீழ் இறுகிக் கிடந்த பாறை, மேலுள்ளது அரிந்துபோகப் போகச் சற்று விரியும். குவார்ட்சைட் வளையாது, வெடிக்கும். நேர்க்குத்தான அந்த வெடிப்புகளில் கடலலை உள்ளே புகுந்து தளர்ந்த துண்டுகளைப் பிடுங்கும். துறைமுகக் குன்றுகளிலும் இதேமாதிரிச் சிறு வெடிப்புகளைக் காணலாம்.

துறைமுகம் இவ்வளவு ஆழம். அதுக்கும் மலைக்கும் தொடர்பு இருக்கோ?

இருக்கிறது. மடிந்து சாய்ந்த படைகளில் குவார்ட்சைட் கடினமானது, கரையாமல் குன்று வரிசையாக நிற்கிறது. இடையிலுள்ள நலிந்த பாறைகள் பள்ளமாயின. உறைபனிக் காலத்துக்குப் பின் கடல் ஏறி அந்தப் பள்ளங்களை நிரப்பியது. குடாக்களும் முனைகளும் மாறிமாறி வருவது அதனால்தான். கொட்டியாரக் குடாவின் உள்ளிருந்தே ஓர் ஆழ்கடல் பள்ளத்தாக்குத் தொடங்கி வெளியே ஆயிரக்கணக்கான மீற்றர் இறங்குகிறது.

ஒரு எச்சரிக்கை. நமது கிழக்குக் கரை இன்று ஒரு கண்ட விளிம்புதான், ஆனால் மோதும் விளிம்பு இல்லை. அந்தாட்டிக்கா பிரிந்துபோன பிளவின் விளிம்பு. இரண்டையும் மாற்றி எழுதி மதிப்பெண் இழந்தவர்கள் பலர்.

முப்பது கிலோமீற்றர் கல்லும் எங்க போனது?

மணலாகவும் சேறாகவும் ஆறுகள் கொண்டுபோயின. அந்தப் பெரும் மலைத்தொடரிலிருந்து வழிந்த மணல் வட ஆபிரிக்காவிலும் அரேபியாவிலும் பரந்த மணற்கல்லாகக் கிடக்கிறது. யோர்தானின் பெட்ரா நகரைக் குடைந்த செந்நிறக் கல்லும் அந்தக் குடும்பம்.

வேலை இன்றும் முடியவில்லை. புல்மோட்டைக் கரையில் ஒரு கைப்பிடி மணல் அள்ளிப் பாருங்கள், கறுப்பாக, கை தாழும் அளவுக்குக் கனக்கும். பெரும்பகுதி இல்மனைட், கூடவே ரூட்டைல், சிர்க்கன், சிறிது கார்னெட், மொனசைட். சாதாரண மணலின் அடர்த்தி 2.65, இல்மனைட்டினது சுமார் 4.7. அலை இரண்டையும் கரைக்கு ஏற்றும், திரும்பும்போது இலேசானதையே இழுத்துக்கொண்டு போகும். வாடைக் காற்றுக் காலத்துப் பெரிய அலைகளில் இந்தப் பிரிப்பு வலுக்கும். வீட்டுக் காந்தத்தை வைத்தால் பெரிதாக ஒன்றும் ஒட்டவில்லையே என்று சிலர் ஏமாறுகிறார்கள். சாதாரணக் காந்தம் மக்னடைட்டைத்தான் இழுக்கும், இல்மனைட்டுக்கு மிக வலுவான காந்தம் வேண்டும்.

அப்ப பிதுருதலாகலை அந்தப் பழைய மலையின்ட மிச்சமோ?

கல்லின் வயதும் மலையின் வயதும் ஒன்றல்ல. இலங்கையின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையின் 2,524 மீற்றர் உயரம் பழைய சிகரத்தின் எச்சமாக இருக்கமுடியாது. பழைய சிகரங்கள் இன்றைய தரைக்குப் பல கிலோமீற்றர் மேலே இருந்து மறைந்துவிட்டன. இன்றைய மேடு, பழைய வேர்க்கல் வெகு பின்னர் உயர்ந்தும் அரிந்தும் பெற்ற வடிவம். பழைய மரத்தில் புதிதாகச் செதுக்கிய சிற்பம்போல.

இதெல்லாம் நாங்களே பாக்கலாமா? என்னென்ன வேணும்?

கோயில் வளவிலும் கோட்டைக்குள்ளும் கல்லை உடைக்கவோ எடுக்கவோ கூடாது, கண்ணால் பார்ப்பது போதும். உண்மையில் மிக நல்ல ஆய்வுகூடம் வீடு கட்டும் இடத்தில் கொட்டிய கருங்கல் சல்லிக் குவியல். புதிதாக உடைந்த முகம், ஒரே குவியலில் பலவகைக் கல். சொந்தக்காரரைக் கேட்டு நாலைந்து துண்டு எடுங்கள். தேவை: பத்து மடங்கு கைவில்லை, ஒரு போத்தல் தண்ணீர், பழைய கண்ணாடித் துண்டு, ஒரு தேசிக்காய்.

கல்லை நனையுங்கள், நிறங்கள் தெளியும். கண்ணாடிபோல் மங்கலாக, பிளவுத் தளமின்றி உடைவது குவார்ட்ஸ். வெளிச்சத்தில் திருப்பும்போது தட்டையாக மின்னுவது பெல்ட்ஸ்பார். கறுத்த செதிலாக உரிவது மைக்கா. சிவந்த உருண்டை மணி கார்னெட். கண்ணாடியைக் கீறினால் குவார்ட்ஸோ அதைப்போல் கடினமானதோ. வெள்ளைக் கல்லைச் சுரண்டி, அந்தத் தூளில் தேசிப்புளி விட்டு நுரைத்தால் சலவைக்கல், குவார்ட்சைட் நுரைக்காது. நிலாவெளிக் கரையில் பொறுக்கிய வெள்ளைக் கல் நுரைத்தால் சலவைக்கல் என்று துள்ளவேண்டாம், அது அநேகமாகப் பவளத் துண்டு. துளைகளைத் தேடிப் பாருங்கள்.

நிலைத்த பாறையில் சாய்வு அளப்பவர்கள் முதலில் அது உருண்டு வந்த பாறையா என்று உறுதிசெய்யவேண்டும். திசைகாட்டியை இரண்டு அடி நகர்த்தி மறுபடி பாருங்கள். ஊசி மாறினால் பக்கத்தில் மக்னடைட்டோ, உங்கள் கைப்பேசியோ இருக்கிறது.

கல்லில வரி வரியா இருக்கே, அது மண் படிஞ்ச படைதானே?

பெரும்பாலும் இல்லை. நைஸின் கறுப்பு வெள்ளை வரிகள், சூடாக இளகிய கல் நெரிந்து இழுபட்டபோது கனிமங்கள் பிரிந்து அடுக்கியவை. மேலும் கீழும் வெள்ளை நரம்பு வளைந்து ஓடினால் அது கல் பகுதியாக உருகிய இடம். வரியின் திசையை வைத்து நெருக்கம் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று சொல்லலாம், கடல் எந்தப் பக்கம் இருந்தது என்று சொல்லமுடியாது. குவார்ட்சைட்டும் சலவைக்கல்லும் அடுத்தடுத்து வந்தால் மட்டும், அந்தப் பெரிய மாற்றம் பழைய மணல், சுண்ணாம்புப் படைகளின் எல்லையாக இருக்கலாம்.

சுனாமி வந்தது தகடு மோதித்தானே? அப்ப இஞ்சயும் திரும்ப மலை வருமா?

2004 டிசம்பர் 26இல் சுனாமியை எழுப்பிய பூகம்பத்தில் தகட்டு எல்லை உடைந்தது சுமாத்திரா, நிக்கோபார் வரிசையில். அங்கே நமது தகட்டின் கிழக்கு ஓரம் அமிழ்கிறது. ஆச்சே முனை இங்கிருந்து சுமார் 1,600 கிலோமீற்றர். அலை வந்தது, மோதல் இங்கே இல்லை. இலங்கை தகட்டின் உட்பகுதியில் இருக்கிறது. சிறு அதிர்வுகள் உட்பகுதியிலும் ஏற்படும், மலை எழாது.

இமயமலை தேய்ஞ்சா அங்கயும் இப்பிடிக் கல்தான் வருமா?

வரும், வரத் தொடங்கியும்விட்டது. மேற்கு முனையிலுள்ள நங்கா பர்பத்தில் அரிப்பு ஆண்டுக்குப் பல மில்லிமீற்றர். அங்கே ஆழத்தில் உருகி உறைந்த கிரனைட் சில மில்லியன் ஆண்டு வயதிலேயே தரைக்கு வந்திருக்கிறது. சிந்து நதி கழுவிக்கொண்டு போகும் மணலில் இப்போதே கார்னெட் உண்டு. திபெத்தின் 70 கிலோமீற்றரில் பாதி அரிந்து முடியும் நாளில் அங்கே நிற்கும் கல்லை நனைத்துக் கைவில்லையால் பார்த்தால், கறுப்பு வெள்ளை வரியும், சிவந்த மணியும், அதைச் சுற்றி வெளிர் வளையமும் தெரியும்.